எண்ணெய் விற்ற நாடு மின்சாரத்தில் ஓடிய வரலாறு



‘எதிர்கால உலகம்’ என்னும் தலைப்பில் நம் மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னால், மின்சாரத்தால் ஓடும் மகிழுந்து அதில் தவறாமல் வந்துவிடும். வானில் பறக்கும் வண்டிக்கும் வீட்டு வேலை செய்யும் இயந்திர மனிதனுக்கும் நடுவே அதற்கும் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருக்கும். மாணவர்கள் அதனை வருங்காலக் கனவாகவே எழுதுகின்றனர். உண்மையில் அது வரலாற்றுப் பாடத்தில் இடம்பெற வேண்டிய செய்தியாகும். 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய மகிழுந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தால் ஓடியவை. பின்னர் மலிவான பெட்ரோலும், 1908இல் வெளிவந்த போர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ வண்டியும் அவற்றைச் சாலையிலிருந்து அகற்றிவிட்டன.

அகன்றுபோன அந்த வண்டியை மீண்டும் சாலைக்குக் கொண்டுவந்த நாடுகளுள் நார்வே முதன்மையானது. 2025இல் அந்நாட்டில் விற்பனையான புதிய மகிழுந்துகளில் ஏறத்தாழ 96 விழுக்காடு முழுமையாக மின்சாரத்தால் ஓடுபவை. இது ஓரிரவில் நிகழ்ந்த அற்புதமன்று. அரசாங்கம் ஒன்று முப்பத்தைந்து ஆண்டுகள் விடாது கைகொடுத்த கதை இது. அக்கதையில் நமக்குப் பாடமும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. இரண்டையும் ஒருசேரக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடகர் இருவரும் ஒரு சிறு வண்டியும்

நார்வே எண்ணெய் வளம் கொழிக்கும் நாடு. 1969இல் வடகடலின் எக்கோபிஸ்க் வயலில் பெரும் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. 1972இல் அரசு எண்ணெய் நிறுவனம் தொடங்கப்பட்டது. நம் நாட்டில் பெட்ரோனாஸ் பிறந்தது 1974இல் என்பதை இங்கு ஒப்பிட்டுக் கொள்ளலாம். அதே நார்வேயில் மலைகளும் அருவிகளும் மிகுதி. ஆதலால், அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீர்மின் நிலையங்களிலிருந்தே கிடைக்கிறது. வெளிநாட்டுக்கு விற்க எண்ணெய், வீட்டுக்குப் பயன்படுத்த நீர்மின்சாரம் என்னும் இந்த இரட்டை வளத்தை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

1989ஆம் ஆண்டு, பெல்லோனா என்னும் சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவர் பிரெடெரிக் ஹௌகே, ‘ஆ-ஹா’ இசைக்குழுவைச் சேர்ந்த மார்ட்டன் ஹார்க்கெட், மாக்னே புருஹோல்மன் ஆகியோருடன் சேர்ந்து, மின்வண்டியாக மாற்றப்பட்ட பியட் பாண்டா ஒன்றைச் சுவிட்சர்லாந்திலிருந்து நார்வேக்குக் கொண்டு வந்தார். புகைவிடாத வண்டிக்கு எதற்குக் கட்டணம் என்று கேட்டு, டோல் சாவடிகளில் பணம் செலுத்தாமலே அவர்கள் கடந்து சென்றனர். தண்டம் மேல் தண்டம் விதிக்கப்பட்டது. தண்டத்தைக் கட்டாததால் வண்டி பறிமுதல் செய்யப்பட்டு ஏலத்திற்கு வந்தது. அந்த மின்வண்டியை வாங்க வேறு யாருக்கும் ஆர்வமில்லாததால் அவர்களே குறைந்த விலைக்கு அதை மீட்டனர். மீண்டும் பணம் கட்டாமல் ஓட்டினர். மீண்டும் பறிமுதல் ஆயிற்று. புகழ்பெற்ற பாடகர்கள் உடனிருந்ததால் நாளேடுகள் இச்செய்தியைத் தொடர்ந்து வெளியிட்டன. நகைச்சுவை நாடகம்போல் தோன்றினாலும், சட்டமியற்றுவோரின் காதுகளில் அக்கேள்வி விழவே செய்தது.

சலுகைகள் ஒவ்வொன்றாய் வந்த காலம்

1990இல் மின்வண்டிகளுக்கான இறக்குமதி வரி தற்காலிகமாக நீக்கப்பட்டது. 1996இல் அவ்விலக்கு நிலையானதாயிற்று. ஆண்டுச் சாலை வரியும் குறைக்கப்பட்டது. 1997இல், அந்தப் பாண்டா வண்டி எழுப்பிய கேள்விக்கு விடையாக, டோல் கட்டணம் விலக்கப்பட்டது. 1999இல் மின்வண்டிகளுக்கென ‘இ.எல்.’ என்னும் எழுத்துகளில் தொடங்கும் தனிப் பதிவெண் தகடு வழங்கப்பட்டது; நகராட்சி வாகன நிறுத்துமிடங்களில் கட்டணமும் நீங்கியது. 2001இல் மதிப்புக் கூட்டு வரியிலிருந்து விலக்குக் கிடைத்தது. 2003இல் ஓஸ்லோ வட்டாரத்தில் சோதனை முயற்சியாகப் பேருந்துத் தடத்தில் செல்ல விடப்பட்டன. 2005இல் அவ்வுரிமை நாடு முழுவதற்கும் விரிந்தது. 2009இல் தேசியச் சாலைகளை இணைக்கும் படகுத் துறைகளில் வண்டிக்கான கட்டணமும் எடுக்கப்பட்டது.

இத்தனை சலுகைகளும் எதற்காக என்ற கேள்வி எழலாம். தொடக்கத்தில் அரசின் எண்ணம் தட்பவெப்பம் மட்டுமன்று. உள்நாட்டில் ஒரு தொழிலை வளர்ப்பதும் அதன் நோக்கமாக இருந்தது. 1991இல் தோன்றிய பிவ்கோ என்னும் நிறுவனம் நெகிழி உடல் கொண்ட சிறு மின்வண்டிகளை உருவாக்கியது. 1994இல் லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கில் அவ்வண்டிகள் ஓடிக் காட்டின. ‘திங்க்’ என்று பெயர் மாறிய அந்நிறுவனத்தை 1999இல் அமெரிக்காவின் போர்டு வாங்கியது. சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. பலமுறை விழுந்து எழுந்த திங்க், 2011இல் நொடித்துப் போனது.

எந்தத் தொழிலை வளர்க்கச் சலுகை கொடுக்கப்பட்டதோ, அந்தத் தொழில் பிழைக்கவில்லை. ஆனால் சலுகை பிழைத்திருந்தது. வேறு நாடுகளில் நல்ல மின்வண்டிகள் உருவானபோது அவற்றை வரவேற்கும் வாசல் நார்வேயில் மட்டும் ஏற்கெனவே திறந்திருந்தது. 2011இல் மிட்சுபிஷியின் ஐ-மீவ், நிசானின் லீப் ஆகியவை அங்கு விற்பனையில் இறங்கின. 2013 செப்டம்பரில் டெஸ்லாவின் மாடல் எஸ் அந்நாட்டில் அம்மாதம் மிகுதியாக விற்ற மகிழுந்தாயிற்று. இருபது ஆண்டுகள் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாதிருந்த சட்டங்கள் ஈராண்டில் பலன் தரத் தொடங்கின.

பணம் கொடுத்தார்களா, வரியை விட்டுக்கொடுத்தார்களா?

பெற்றோர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் இது. பல நாடுகளில் மின்வண்டி வாங்குவோர்க்கு அரசு ரொக்கமாகப் பணம் தருகிறது. நார்வே அவ்வாறு செய்யவில்லை. அங்கே பெட்ரோல், டீசல் மகிழுந்துகளுக்கு எடையையும் புகையையும் கணக்கிட்டுக் கடுமையான பதிவு வரி விதிக்கப்பட்டது. அதன்மேல் 25 விழுக்காட்டு மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்தது. மின்வண்டிக்கு அப்போது இவ்விரண்டும் இருக்கவில்லை. ஆகவே, உற்பத்திச் செலவு மிகுந்த மின்வண்டியும் கடையில் பெட்ரோல் வண்டியின் விலைக்கே கிடைத்தது. எரிபொருள் மீதும் வரி உயர்ந்திருந்ததால் ஓட்டும் செலவிலும் மின்வண்டியே வென்றது.

சுருங்கக் கூறின், புகைவிடும் வண்டிக்கு உயர்ந்த வரி இருந்ததாலேயே புகைவிடா வண்டிக்குத் தந்த விலக்கு பெரிதாகத் தெரிந்தது. ஒரு தட்டில் பாரம் இருந்தால்தான் மறுதட்டு மேலெழும். இந்த அடிப்படையை மறந்துவிட்டு, நார்வே வரியை நீக்கியது, நாமும் நீக்குவோம் என்று மட்டும் பேசினால் பாதிக் கதையைப் படித்தவர்களாவோம்.

மின்னூட்டும் இடம் எங்கே?

வண்டி வாங்கிவிடலாம், வழியில் மின்கலம் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? எந்த நாட்டிலும் மின்வண்டி வாங்க நினைப்பவரின் முதற்கேள்வி இதுதான். பெட்ரோல் நிலையம் இல்லாத ஊரில் மகிழுந்து வாங்க யார் முன்வருவார்? வண்டியே இல்லாத ஊரில் நிலையம் கட்ட யார் முதலிடுவார்? இந்தச் சிக்கலில் இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கையில், முதலடி எடுத்துவைக்க வேண்டியது அரசுதான்.

ஓஸ்லோ மாநகராட்சி 2008இல் தெருவோர மின்னூட்டு முனைகளை அமைக்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் 400 முனைகள் அமைப்பது அதன் திட்டம். 2009இல் டிரான்ஸ்நோவா என்னும் அரசு அமைப்பு நிறுவப்பட்டு, 50 மில்லியன் குரோனர் ஒதுக்கீட்டில் நாடெங்கும் ஏறத்தாழ 1,800 சாதாரண மின்னூட்டு முனைகள் உருவாயின. இவை நாம் வீட்டில் பயன்படுத்தும் மின்செருகி போன்றவையே. வண்டி முழுதும் நிரம்ப ஓர் இரவு வேண்டும். எனினும் மக்களுக்கு அவை நம்பிக்கை தந்தன.

அடுத்து வந்தது விரைவு மின்னூட்டிகளின் காலம். 2015இல் டிரான்ஸ்நோவாவின் பணிகளை எனோவா என்னும் அரசு நிறுவனம் ஏற்றது. முதன்மைச் சாலைகளில் ஒவ்வொரு 50 கிலோமீட்டருக்கும் குறைந்தது இரண்டு விரைவு மின்னூட்டிகள் என்பது அதன் இலக்கு. தனியார் நிறுவனங்கள் கட்டும். செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். மக்கள்தொகை மிகுந்த தென்பகுதியில் இத்திட்டம் விரைவாக நிறைவேறியது. மக்கள் அரிதாக வாழும் வடகோடியாகிய பின்மார்க்கில் முதலிட எளிதில் எவரும் முன்வரவில்லை. வருவாய் வராத இடத்திற்குச் சந்தை தானாகச் செல்வதில்லை. ஆகவே, அத்தகைய வட்டாரங்களுக்கு எனோவா தனி ஆதரவு வழங்க நேர்ந்தது. வாடிக்கையாளர் பெருகிய இடங்களிலோ, பிற்காலத்தில் நிறுவனங்கள் அரசின் உதவியின்றியே நிலையங்களைக் கட்டின. எங்கே கொடுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்து செயற்பட்டது அவர்களின் நிர்வாகத் திறம் எனலாம்.

இவற்றைவிடவும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. மின்வண்டியின் பசி பெரும்பாலும் வீட்டில்தான் ஆற்றப்படுகிறது. தனிவீட்டில் வாழ்பவர்க்கு அதில் இடரில்லை. அடுக்குமாடியில் வாழ்பவரோ நிர்வாகக் குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். 2017இல் நார்வே இதற்குச் சட்டத்தின்வழி தீர்வு கண்டது. தம் வாகன நிறுத்துமிடத்தில் மின்னூட்டி பொருத்த விரும்பும் அடுக்குமாடிக் குடியிருப்பாளரைத் தக்க காரணமின்றி நிர்வாகம் மறுக்கக் கூடாது என்பது அச்சட்டத்தின் சாரம். குடியிருப்புச் சங்கங்கள் மின்னிணைப்பை மேம்படுத்த ஓஸ்லோ மாநகராட்சி உதவித்தொகையும் தந்தது. இதற்கு அரசு செலவிட்ட தொகை சிறிது, பயனடைந்தோர் பலர்.

ஆட்சி மாறியும் மாறாத கொள்கை

2012இல் நாடாளுமன்றத்தின் பெரும்பாலான கட்சிகள் கூடித் தட்பவெப்ப உடன்பாடு ஒன்றைச் செய்துகொண்டன. மின்வண்டிச் சலுகைகள் 2017 முடியும் வரையிலோ, 50,000 வண்டிகள் ஓடும் வரையிலோ தொடரும் என்று அதில் உறுதி கூறப்பட்டது. அவ்வுடன்பாட்டில் சேராத முன்னேற்றக் கட்சி, 2013இல் எர்ணா சூல்பர்க் தலைமையிலான கூட்டணியில் இடம்பெற்று நிதியமைச்சையே பெற்றது. இருப்பினும் சலுகைகள் கலைக்கப்படவில்லை. 2015 ஏப்ரலில் 50,000 என்னும் எண்ணிக்கை எட்டப்பட்டது. அப்போதும் அவை ஒரேயடியாக அறுத்தெறியப்படவில்லை. 2017இல் நாடாளுமன்றம் அடுத்த இலக்கை வகுத்தது: 2025இலிருந்து விற்கும் புதிய மகிழுந்துகள் யாவும் புகையற்றவையாக இருத்தல் வேண்டும். இது தடையன்று; இலக்கு மட்டுமே. பெட்ரோல் வண்டி வாங்க விரும்புவோர் இன்றும் வரி செலுத்தி வாங்கலாம்.

அதன் பயனை எண்களே சொல்லும். புதிய மகிழுந்து விற்பனையில் மின்வண்டியின் பங்கு 2016இல் ஏறத்தாழ 16 விழுக்காடு, 2020இல் 54, 2022இல் 79, 2024இல் 89. 2024 செப்டம்பரில், சாலையில் ஓடும் மின்மகிழுந்துகளின் எண்ணிக்கை 754,303ஐ எட்டி, பெட்ரோல் மகிழுந்துகளின் எண்ணிக்கையை முதன்முறையாகத் தாண்டியது. டீசல் வண்டிகள் அப்போதும் அவற்றைவிட மிகுதியாகவே இருந்தன. விற்பனை மாறினாலும் சாலை மாறப் பல்லாண்டு ஆகும் என்பதற்கு இதுவே சான்று.

நாணயத்தின் மறுபக்கம்

நல்லதை மட்டும் கூறிச் சென்றால் அது வரலாறாகாது. இக்கொள்கையின் சுமையையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, பேருந்துத் தடம். மின்வண்டிகள் சிலவாக இருந்தவரை இடையூறில்லை. அவை ஆயிரக்கணக்கில் பெருகியதும், ஓஸ்லோவின் மேற்குச் சாலையில் பேருந்துகள் மகிழுந்துகளுக்குப் பின்னே ஊர்ந்தன. பேருந்தில் சென்ற எளியவர் தாமதமாக, மின்வண்டியில் சென்றவர் விரைந்து போனார். ஆகவே, நெரிசல் வேளையில் குறைந்தது ஒரு பயணியையாவது உடன் ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு 2015இல் அங்கு வந்தது.

இரண்டாவது, டோல் வருவாய். ஸ்தவாங்கர் நகருக்கு அருகிலுள்ள பின்னொய் தீவை இணைக்கும் கடலடிச் சுரங்கப்பாதை 2009இல் திறக்கப்பட்டது. கட்டுமானக் கடனை டோல் பணத்தால் அடைப்பதே திட்டம். தீவுவாசிகளோ கட்டணமில்லா மின்வண்டிகளுக்கு மாறினர். வருவாய் குறைந்து, எஞ்சிய பெட்ரோல் வண்டிக்காரர்களின் தோளில் பாரம் ஏறியது.

மூன்றாவதுதான் மிகக் கடினமான கேள்வி. இச்சலுகைகளால் மிகுதியும் பயனடைந்தவர் யார்? புதிய வண்டி வாங்க வசதியுள்ள குடும்பங்களே. இரண்டாவது வண்டியாக மின்வண்டியை வாங்கியோரும் அவர்களுள் பலர். பழைய டீசல் வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டியவர் வரி கட்டினார். விலையுயர்ந்த புதிய மின்வண்டியை வாங்கியவர் கட்டவில்லை. ஆண்டுதோறும் பல பில்லியன் குரோனர் வரி வருவாய் இவ்வாறு விட்டுக்கொடுக்கப்பட்டது. எண்ணெய் ஏற்றுமதியால் வளம் பெற்ற கருவூலம் அதனைத் தாங்கியது. அங்கு எண்ணெய் நிதியத்துக்கான சட்டம் இயற்றப்பட்டதும், மின்வண்டிக்கு முதல் வரிவிலக்குத் தரப்பட்டதும் 1990ஆம் ஆண்டிலேயே. பிறநாடுகள் எரிக்கும் எண்ணெயை விற்றுத் தன் சாலையைத் தூய்மையாக்கிக் கொண்டது நார்வே என்னும் குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட இயலாது.

இக்குறைகளை உணர்ந்தே சலுகைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. டோல், படகு, நிறுத்துமிடம் ஆகியவற்றில் முழு விலக்குப் போய், சாதாரண வண்டிக்குரிய கட்டணத்தில் பாதிக்கு மேல் வாங்கக் கூடாது என்ற வரம்பு வந்தது. 2023இலிருந்து 500,000 குரோனருக்கு மேற்பட்ட விலைப்பகுதிக்கு மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்பட்டது. 2026இல் அவ்வரம்பு 300,000 குரோனராகத் தாழ்த்தப்பட்டது. தேர் நகரும்வரை ஊரே கூடி வடம் பிடிக்க வேண்டும். ஓடத் தொடங்கிய தேருக்கோ முட்டுக்கட்டை இடத் தெரிந்தவர் வேண்டும்.

நம் நாட்டு ஏட்டைப் புரட்டினால்

மலேசியாவும் இவ்வழியில் அடி வைத்த நாடுதான். 2011இல் கலப்பின மகிழுந்துகளுக்கு முழு வரிவிலக்கு வழங்கப்பட்டது. மக்கள் விரும்பி வாங்கினர். 2013 இறுதியில் இறக்குமதியான கலப்பின வண்டிகளுக்கு அவ்விலக்கு முடிந்ததும் விலை ஏறியது, ஆர்வம் தணிந்தது. 2022 வரவுசெலவுத் திட்டத்தின்வழி மின்மகிழுந்துகளுக்கு வரிவிலக்கும், வீட்டு மின்னூட்டிச் செலவுக்கு 2,500 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவும் வந்தன. முழுதாக இறக்குமதியாகும் வண்டிகளுக்கான விலக்கு 2025 இறுதியோடு முடிந்தது. உள்நாட்டில் பொருத்தப்படுபவற்றுக்கு 2027 இறுதிவரை உண்டு. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்மகிழுந்தை வெளியிட்டது. 2025க்குள் 10,000 பொது மின்னூட்டு முனைகள் என்ற இலக்கை மட்டும் குறித்த காலத்தில் எட்ட இயலவில்லை.

நார்வேயின் தராசில் ஒரு தட்டில் இருந்த பாரம் நம் தராசில் இல்லை என்பதையும் நினைக்க வேண்டும். அங்கே பெட்ரோலுக்கு வரி, இங்கே உதவித்தொகை. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புதிய திட்டத்தில் மலேசியக் குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டருக்கு 1.99 ரிங்கிட்டுக்கே கிடைக்கலாயிற்று. அங்கே நீர்மின்சாரம், இங்கே பெரும்பாலும் நிலக்கரியும் எரிவாயுவும். ஆகவே அவர்கள் பாதையை அப்படியே படியெடுக்க நம்மால் இயலாது. மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் தந்தைக்கும், மலிவு விலை அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில் வாழும் தாய்க்கும் மலிவான பெட்ரோல் இன்று வாழ்வாதாரம். அவர்களை விட்டுவிட்டு, வசதியுள்ளோர்க்கு மட்டும் கைகொடுக்கும் மாற்றம் முழுமையான மாற்றமாகாது.

எனினும் மூன்று பாடங்கள் நமக்கும் பொருந்தும். அரசு தந்த சொல் ஆட்சி மாறினும் நிலைக்க வேண்டும். வருவாய் வராத ஊருக்கும் மின்னூட்டு நிலையம் செல்ல வேண்டும். அடுக்குமாடிவாசிக்கும் மின்னூட்டும் உரிமை சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

அடுத்த முறை நம் மாணவர் ‘எதிர்கால மகிழுந்து’ பற்றி எழுதும்போது, அதன் வேகத்தையும் அழகையும் எழுதட்டும். அதோடு, “அதற்கு எங்கே மின்னூட்டுவார்கள்? அதற்கான செலவை யார் ஏற்பார்கள்?” என்ற இரு வினாக்களையும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கட்டுரை இன்னும் ஒரு பக்கம் நீளும்; சிந்தனையும் உடன் நீளும்.